பெருமாள்மலையில் ஒரு வத்தலக்குண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கடவுளிடமே அளவான பழக்கம்தான். எதிரே பார்த்தால் ஒரு கும்பிடு, பார்க்காமல் போனால் அவரும் கோபித்துக்கொள்வதில்லை. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன் நான். கொடைக்கானல் மலைப்பாதையில் எந்த வளைவில் எந்த வெள்ளைச் சேலை நிற்கிறது என்று டாக்ஸி டிரைவர்கள் சொல்லும் கதைகளைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதி, "இதற்குப் பேயே தேவலாம்" என்று ஒரு வாசகரிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் மனைவி கோமதிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டன. எங்கள் வீடு கொடைக்கானலை ஒட்டி, அட்டுவம்பட்டியில். அவளைப் பார்க்கிற டாக்டரும் டயாலிசிஸ் மெஷினும் கீழே திண்டுக்கல்லில். வாரம் இரண்டு முறை மலையிறங்கி, ரத்தத்தைச் சலவைக்குப் போட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி மலையேற வேண்டும். ஒருமுறை வாடகைக் காரில் போனோம். திரும்பும் வழியில் அவள் வாந்தியெடுத்துவிட்டாள். டிரைவர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அன்றோடு, "இனி எங்க போனாலும் நம்ம வண்டியிலதான்" என்று முடித்துவிட்டாள். நம்ம வண்டி என்பது எங்கள் இருவரையும் போலவே வாரண்டி முடிந்துபோன ஒரு சின்னக் கார்.

அந்தக் கார் திணற ஆரம்பித்தது. மலையில் இருக்கும்வரை தங்கம். கீழே வத்தலக்குண்டுப் பக்கம் போய், மழைக்கு முந்தின புழுக்கம் வருமே, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளுமே, அது வந்தவுடன் விக்கல் எடுக்கும், குலுங்கும், ஏற்றத்தில் நின்றேவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். மேலே கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டினாலோ, பள்ளி ஆய்வாளர் முன்னால் நிற்கும் மாணவன் மாதிரி அத்தனை ஒழுக்கம்.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, மலைப்பாதையில் டம்டம் பாறைக்குக் கீழே நின்றுவிட்டது. கோமதிக்குப் பிரஷர் இறங்கி, முகம் வெளுத்து, பின்சீட்டில் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். நான் பின்சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, பானட்டைத் திறந்து எஞ்சினை முறைத்துக்கொண்டு நின்றேன், முறைத்தால் பயந்து சரியாகிவிடும் என்பது போல. அப்போதுதான் அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. இன்னொரு தடவ இது நடுவழியில நின்னுச்சுன்னா, அதோட நானும் நிறுத்திக்கறேன். பெறகு என்னைக் கீழ கூட்டிட்டுப் போகக் கூடாது."

"வெளையாடாத கோமதி."

"வெளையாடுறது உங்க சோலி. நான் சொன்னா சொன்னதுதான்."

எனக்குத் தெரிந்து அவள் சொன்ன சொல்லை மாற்றியதே கிடையாது. என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னதையே மாற்றவில்லை, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆக, என் மனைவியின் உயிர் ஒரு பழைய காரின் விக்கலில் போய்த் தொங்கிக்கொண்டது.

எங்களுக்குச் சற்றுக் கீழே, மலைமேலேயே இருக்கிற பெருமாள்மலையில் தங்கராசு என்று ஒரு மெக்கானிக். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் 'பேசுறது' என்று சொல்ல மாட்டார், 'கதைக்கிறது' என்பார். தன்னடக்கம் என்ற ஒன்றைக் கேள்விப்படாத மனிதர். "என்கிட்ட வந்த வண்டி அதுக்கப்புறம் வேற மெக்கானிக்கிட்ட போனதே இல்ல சார்" என்றார். பல வண்டிகள் நேராகக் காயலான் கடைக்குத்தான் போயிருக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், பெட்ரோல் பம்பு மாற்றினார். நான் என் பங்குக்கு வீடியோக்களாகப் பார்த்து, ஈரக்காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள உறவு பற்றி அவருக்குப் பிரசங்கம் செய்தேன். இரண்டு பேர் சொன்னதும் தப்பு.

"சார், காச்சல் இருக்கறப்பதான் நோயாளியப் பாக்கணும். இந்தக் குளுருல இதுக்குக் காச்சலே வர மாட்டேங்குது" என்றார் ஒருநாள்.

"அப்ப வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்களேன்."

"ஷெட்டையும் சாமானையும் தலையில தூக்கிட்டா போக முடியும்? வத்தலக்குண்டை இங்க கொண்டாந்துருவோம்."

நம்பினால் நம்புங்கள், கொண்டுவந்தார். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவரிடம் பிரியாணி அண்டாக்களை வாங்கி, வெளியே அடுப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக் காரைச் சுற்றி வைத்தார். சைலென்சர் புகை மட்டும் வெளியே போக வழி விட்டு, ஷெட்டைத் தார்ப்பாய் போட்டு மூடினார். பானட்டின் மேல் கம்பளிகளைப் போர்த்தினார். எஞ்சினை ஓடவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன். வெளியே நண்பகலிலேயே மேகம் இறங்கி ரோடு தெரியவில்லை. உள்ளே நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். எதிர்த்த டீக்கடைக்காரர் தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டினார்.

"ஏலே தங்கராசு, யாரு வீட்டு விசேசம்? மட்டனா, கோழியா?"

"காரு வேகுதுண்ணே. பதமானதும் ஒரு தட்டு அனுப்புறேன், போங்க."

அவர் போன கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை. பிறகு விடாமல்.

"மிஸ்ஸிங் வந்துருச்சு சார்!" என்று தங்கராசு கத்தினார். ஒரு கார் கெட்டுப்போனதற்கு இரண்டு தடியர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கம்பளிகளை வீசிவிட்டு, பானட்டைத் தூக்கி, முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். மெக்கானிக்குகள் செய்வதுதான்; இரும்பு வழியாக உள்ளே எது தட்டுகிறது என்று கேட்கும். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"சார், வண்டிய ஆஃப் பண்ணுங்க."

பண்ணிவிட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ணச் சொன்னேனே சார்."

நான் சாவியை அவர் முகத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார்.

முனையை அவர் வைத்த இடத்திலேயே வைத்துக் காதைக் கொடுத்தேன். யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொளகொளவென்று அலம்பும் சத்தம். விடும்போது கடைசியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரி, மெல்லிசாக ஒரு 'ம்'. பக்கத்தில் அண்டாவில் தண்ணீர் கொதித்து அடங்கிக்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தம்தான் இரும்பில் ஏறுகிறது என்று எனக்கும் தோன்றியது, எனக்கும் மூளை இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமலே கையைக் காட்டினேன். தங்கராசு அண்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப்போனார். கடைசி அண்டா போன பிறகும் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த 'ம்' எனக்குத் தெரியும். கோமதி முதன்முதலில் படுக்கையில் விழுந்தபோது, விடியும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த 'ம்' அது.

வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. காரை எடுத்தேன், வெளியே குளிர்காற்று பட்டதும் விக்கல் போய்விட்டது. கூப்பிடாமலே தங்கராசு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார், கையில் அந்த ஸ்க்ரூ டிரைவரோடு.

கோமதி அடுக்களையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"போனை ஏன் எடுக்கல?"

"கையெல்லாம் பூண்டு. அது கெடக்கட்டும், இம்புட்டு நேரம் இங்கதான் இருந்தீங்களா?"

"இல்லையே. இப்பதான் வர்றேன்."

"முதுகுல சில்லுனு எதையோ வச்சீங்களே, டாக்டரு வைக்கிற மாதிரி. வச்சு வச்சு எடுத்தீங்க. வயசான காலத்துல இதென்ன வெளையாட்டுன்னு திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

வாசலில் நின்ற தங்கராசு, கையில் இருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். திருட்டு மாங்காயோடு மாட்டிக்கொண்டவர் மாதிரி. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

குனிந்து அவள் முதுகில் காதை வைத்தேன். கொளகொள. ம்.

"பூண்டு நெடிக்கு லேசா மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்றாள்.

"கெளம்பு, கீழ போவோம்."

"இன்னைக்கு டயாலிசிஸ் இல்லையே. வண்டி சரியாயிருச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்ல."

"நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையைக் கழுவினாள். "சரி வாங்க, அதையும் பாத்துருவோம்."

மூன்று பேரும் இறங்கினோம். வானம் கறுத்துத் தாழ்ந்து, மழையும் பெய்யாமல் அப்படியே கவிந்து கிடந்தது. டம்டம் பாறையைத் தாண்டியதும் வெக்கை வந்து முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. மலையடிவாரத்துக் காட்ரோட்டில் எஞ்சின் முதல் விக்கலைக் கொடுத்தது. அதற்குள் பின்சீட்டில் அவள் மூச்சு எங்களுக்கே கேட்கத் தொடங்கியிருந்தது. வத்தலக்குண்டைத் தாண்டியபோது எது கார், எது கோமதி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நிக்கப்போகுது" என்றாள், விட்டு விட்டு.

"நிக்காதுக்கா" என்றார் தங்கராசு. "நின்னா நான் எறங்கித் தள்ளுவேன். உருண்டுக்கிட்டே இருந்தா நின்னதாக் கணக்கில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. "உங்க சாரு எழுதுறதவிட... நீங்க நல்லாப் பேசுறீங்க."

நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை விக்கி விக்கி வந்து சேர்ந்தது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று உடனே உள்ளே கொண்டுபோனார்கள். "காலையில பாத்துக்கலாம்னு இருந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். மெக்கானிக் சொன்னார் என்றேன். நல்ல நகைச்சுவை என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

காரின் கோளாறு பிறகு தெரிந்தது. எஞ்சினுக்கு அடியில் விழுந்த ஸ்பேனரைத் தேடப்போன தங்கராசு, சென்சாருக்குப் போகிற ஒயரை எலி கடித்து வைத்திருந்ததைப் பார்த்தார். சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் மட்டும் தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. ஒயரை மாற்றியதிலிருந்து சித்திரை வெயிலிலும் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. ஆக, விக்கலுக்குக் காரணம் எலி. சாவி என் கையில் இருந்தபோது உள்ளே மூச்சு விட்டதற்கு எலியைப் பொறுப்பாக்க முடியவில்லை. நான் பேச்செடுத்தால் தங்கராசு, "அதைப் பத்திக் கதைக்க வேணாம் சார்" என்று ரோட்டைப் பார்க்கிறார்.

கோமதியிடம் நான் எதையும் சொல்லவில்லை. உடம்பு தேறி, வண்டிதான் நிற்கவில்லையே என்று அவளாகவே டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மொதல்ல வச்சது தங்கராசு. ரெண்டாவது நீங்க."

"ஆமா."

"மூணாவது யாரு?"

"மூணாவதா? ஷெட்டுல நாங்க ரெண்டு பேருதான இருந்தோம்."

"இல்லங்க. நீங்க வாசல்ல வண்டிய நிப்பாட்டுன சத்தம் கேட்டுச்சுல்ல, அப்ப வச்சாங்க. இங்க" என்று கையைப் பின்னால் வளைத்து இடது தோள்பட்டைக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எப்ப எடுத்தாங்க?"

"இன்னும் எடுக்கல" என்றாள், கொசு கடிப்பதைச் சொல்கிற மாதிரி, அடுத்த துணியை எடுத்து உதறிக்கொண்டே.

தினமும் காலையில் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இதுவரை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை: அவள் காட்டிய அந்த இடத்தை விட்டு, காதை நான் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கிறேன்.