கழுவக்கூடாத டின்கள்

ரொட்டி டின்னைக் கழுவக்கூடாது. சூடு ஆறுமுன் துணியால் துடைத்து வைத்தால் போதும். எண்ணெய் குடித்துக் குடித்துக் கருத்த டின்னிலிருந்துதான் ரொட்டி ஒட்டாமல் கழன்று வரும். பேக்கரிக்காரனுக்கு இது பாலபாடம். கல்யாணமாகி இரண்டே மாதமான என் மனைவிக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? நான் சொல்லவில்லை.

2007இல் கடலூரில் பேக்கரி வைத்திருந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. காலையில் மாவு பிசையப் போனால் கடை மூடும்வரை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன். சிதம்பரத்தில் நிறைந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இங்கே பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஒருநாள் சரக்கு வாங்கப் புதுச்சேரிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினேன். நாற்பது டின்களையும் புளி போட்டுத் தேய்த்து மொட்டை மாடியில் கவிழ்த்திருந்தாள். கடல் காற்றில் அதற்குள் செம்மண் பூசியதுபோல் துரு.

"அறிவிருக்குதா உனக்கு? பொழப்பையே கெடுத்துட்டியே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"கழுவாத ஏனத்துல எப்டிங்க செய்யறது?" என்றாள். அதற்கும் கத்தினேன். மறுநாள் காலை அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். டின்களைப் புளித் தண்ணீரில் ஊறவைத்து, கம்பி நாரால் துருவைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி அடுப்பில் சூடு காட்டினேன். ஒரு நாளைக்குப் பத்துக்குமேல் முடியவில்லை. மத்தியானம் மிஞ்சிய பன்னை டீயில் நனைத்துத் தின்றேன். வீட்டுக்குள் ஃபேன் சத்தம் மட்டும். இப்படி ஒரு வீட்டிலா அவளை நாள் முழுக்க விட்டு வைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் போன் செய்யவில்லை. அவ்வளவு வீம்பு.

மூன்றாம் நாள், கம்பி நார் கிழித்த விரலில் புளித் தண்ணீர் பட்டு உயிர் போயிற்று. கையை உதறிக்கொண்டு நின்றபோதுதான், அவள் ஒரே நாளில் நாற்பதையும் தேய்த்தவள் என்பது உறைத்தது. அன்றைக்கு அவள் கையை நான் பார்க்கவே இல்லை.

டின்னை அப்படியே போட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். கதவைத் திறந்தவளிடம் பேச வேறெதுவும் வாயில் வரவில்லை.

"கை எரிஞ்சுதா?"

விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?"

அவள் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அன்றைக்குத் தனியாகத்தான் திரும்பினேன்.