புது கர்னலும் அம்மாவின் பட்டுப்புடவையும்

இன்று காலை கம்ப்யூட்டரில், லினக்ஸின் அடித்தளமான கர்னலைப் புதிதாகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்திருக்கக் கூடாது.

கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்ததும் எல்லாம் வந்தது, இன்டர்நெட்டைத் தவிர. வைஃபையை இயக்கும் டிரைவர் புது கர்னலுக்கு ஒத்துவரவில்லை. வேறு டிரைவர் இறக்கலாம் என்றால் அதற்கும் இன்டர்நெட் வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் சாவி.

ஞாயிறு மதியம்தான் சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் தங்கை வெப்கேமில் வருவாள். அவள் பார்ப்பாளே என்று அம்மா பட்டுப்புடவை கட்டி, மல்லிகை வைத்து, என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடா, வந்துச்சா?"

"வந்துகினே கீதும்மா."

கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டிப் பார்த்தேன். எங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸுக்குள் மதியக் கடற்காற்று புகுந்தால் யாருக்கும் கண் சொக்கும். அம்மா கேட்பதும் நின்றுபோனது.

கடைசியில் ரீபூட் செய்து, மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். நெட் வந்தது. தங்கையும் வந்தாள்.

கேமராவை அம்மா பக்கம் திருப்பினேன். தலை சாய்ந்திருந்தது. மல்லிகை தோளுக்கு நழுவியிருந்தது. பின்னால் ஜன்னல் திரை மெல்ல ஏறி இறங்கியது.

"எழுப்பட்டா?" என்றேன்.

"வேணாண்ணா" என்றாள் ஹெட்போனில். "வூட்ல கீற மாதிரியே கீது."

டூட்டிக்குக் கிளம்பும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா எழுந்ததும் கேட்டாள்: "இன்னிக்கு அவ வரவே இல்லியாடா?"

புது கர்னலில் வைஃபை வரவைக்கத் தெரிந்தவர்கள் மெதுவாகச் சொல்லலாம். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள்.