நேற்றைய தேதியிட்ட கடிதம்

என் இரும்புப் பெட்டியில், ஓய்வுக்காலத் தாள்களுக்கு அடியில், ஒற்றைப் பக்கக் கடிதம் ஒன்றின் நகல் இருக்கிறது. நான் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்வது என் வழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிறர் எழுதிய விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றவன். ஆகையால் என் கையில் பிறந்த கடிதங்கள் மீது எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. இந்த ஒன்றின் மீது மட்டும் இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பணிவு எல்லாம் உரிய இடத்தில்தான் இருக்கின்றன. வலது மேல் மூலையிலுள்ள தேதிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றின் வாயில் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். உள்ளே வரும் லாரியும் வெளியே போகும் டிபன் கேரியரும் என் பார்வைக்குத் தப்பக்கூடாது என்பதே என் பணி. சாம்பார் சாதத்துக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருளைக் கண்டிருக்கிறேன். கோயில் பிரசாதம் என்று சொல்லப்பட்ட பொட்டலத்தில் புத்தம்புதிய பேரிங்குகளைக் கண்டிருக்கிறேன். மனிதர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன், சிரிக்காவிட்டாலும் யோசிப்பேன். ஓய்வு வயதைக் கடந்த பின்பும் நிர்வாகம் ஓராண்டு ஓராண்டாக என்னை நீட்டித்து வைத்திருந்தது அந்தக் குணத்துக்காகத்தான் என்று நம்பியிருந்தேன்.

ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் ஓர் அம்மையார் வந்தார். எல்லோரும் அவரைச் 'சிஸ்டம் அம்மா' என்றார்கள். நாற்பதைத் தொட்டவர், பள்ளிப்பட்டில் பிறந்து செவ்வாப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். விடியுமுன் புறப்பட்டு, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி எங்கள் ஊர் வந்து சேர்வார். அவர் பிறந்த ஊர் வழக்கப்படி என்னை 'நைனா' என்று அழைத்தார். அந்த அழைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா முறை கொண்டாடி நெருங்குகிறவர் எதற்காகவோ நெருங்குகிறார் என்பது வாயிற்கதவு எனக்குக் கற்பித்த பாடம். தொலைபேசியில் தணிந்த குரலில் தெலுங்கில் பேசுவார். புரியாத மொழியில் பேசப்படுவதெல்லாம் என்னைப் பற்றியதாகவே எனக்குத் தோன்றும். தம்மை நிரந்தரமாக்கும்படி அவர் மேலாளரிடம் கேட்டதும், மேலாளர் மழுப்பியதும் எனக்குத் தெரியும். அதையும் மனத்தில் குறித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் மாலை, லாரிகளுக்கு அனுமதிச் சீட்டுப் போடும் முறை மாறப்போகிறது என்றார்கள். அதுவரை அந்த வேலையைச் செய்த நிரல் என் மேசைக் கணினிக்குள்ளேயே இருந்தது. இனி எல்லாம் தலைமை அலுவலகத்தின் பெரிய கணினியில் இருக்கும். நாங்கள் பிரவுசரைத் திறந்து அதனோடு இணைந்து சீட்டுப் போட வேண்டும். அதற்காகச் சிஸ்டம் அம்மா என் கணினியின் பழைய பிரவுசரை நீக்கிப் புதியதை ஏற்றினார். நான் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அவர் தனியே அமர்ந்து தட்டிக்கொண்டிருந்தார். "போய்க்கினு இருங்க நைனா, நான் பூட்டிக்கிறேன்" என்றார். சாவியை வைத்துவிட்டு வந்தேனே தவிர, என் மனம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை முதல் லாரி வந்து நின்றது. புதிய பிரவுசரைத் திறந்தேன். இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று ஓர் எச்சரிக்கை தோன்றியது. அதற்கு மேல் ஓர் எழுத்தும் நகரவில்லை. சீட்டு இல்லாமல் வண்டி வெளியேற முடியாது. ஒன்பது மணிக்குள் ஏழு வண்டிகள் சேர்ந்துவிட்டன. சிஸ்டம் அம்மா வந்தார். கேபிளைக் கழற்றி மாட்டினார். கணினியை அணைத்துப் போட்டார். பிரவுசரின் பழைய நினைவுகளை எல்லாம் அழித்தார். நீக்கி மறுபடி ஏற்றினார். தலைமை அலுவலகத்தை அழைத்தால், தங்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள். சரக்கறைக் கணினியில் அதே பக்கம் குறையின்றித் திறந்தது. என்னுடையது மட்டும் மறுத்தது.

சன்னலில் ஓர் ஓட்டுநர் தலையை நீட்டினார். "இன்னா பெருசு, உன் கம்ப்யூட்டர் இன்னும் தூங்கினுகீதா? நாஷ்டா துன்னாச்சு. மத்தியான சோறும் இங்கியே போடுவீங்களா?"

"போடுவாங்க, போடுவாங்க. இலைய மட்டும் நீ எடுத்தாந்துடு" என்றார் சிஸ்டம் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். வெளியே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வண்டிகள் நிற்கையில் ஒருத்திக்கு வேடிக்கை பேச மனம் வருகிறதென்றால், அந்தத் தடையின் திறவுகோல் அவள் கையில்தான் இருக்க வேண்டும். தாமில்லாமல் ஆலை நடக்காது என்று காட்டத்தான் இந்த நாடகம் என்று முடிவு கட்டினேன். அவர் சரக்கறைப் பக்கம் போன வேளையில், அதே கணினியில் மேலாளருக்கு ஒரு கடிதம் அடித்தேன். கடிதம் எழுத இணைப்பு தேவையில்லை அல்லவா? மேற்படி அம்மையார் நேற்று மாலை தனியே இருந்து செய்த மாற்றங்களே இன்றைய தடைக்குக் காரணம் என்றும், அவை உள்நோக்கத்துடன் செய்யப்பட்டனவோ என ஐயுற இடமுண்டு என்றும் எழுதினேன். அச்செடுத்து, ஒன்றை அனுப்பி, ஒன்றை வைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். கையில் என் கடிதம். எழுத்து மூலம் விளக்கம் கேட்டு மேலாளர் அதை அவரிடமே கொடுத்துவிட்டிருந்தார். கூச்சலை எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தின் மூலையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். குனிந்து திரையின் கீழ் மூலையைப் பார்த்தார்.

"இன்னா நைனா," என்றார், "இன்னிக்கு வரப்போற பேஜாரு உங்களுக்கு நேத்தே தெரிஞ்சிடுச்சா? நேத்து தேதியில எழுதிக்கீறீங்களே?"

எனக்கு உடனே விளங்கவில்லை. சுவரைப் பார்த்த பிறகே விளங்கியது. எங்கள் ஆலையில் ஒரு நாள் என்பது காலை ஆறு மணிக்கு முடிவது. மூன்றாம் ஷிப்டில் வெளியேறிய சரக்கை அந்த ஷிப்ட் தொடங்கிய நாளின் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். பழைய நிரலோ கணினியின் தேதியையே எடுத்துக்கொள்ளும். ஆகையால் காலையில் வந்ததும் கணினியின் தேதியை ஒரு நாள் பின்னுக்கு வைத்து, பதிவுகளை ஏற்றி, பிறகு முன்னுக்கு வைப்பேன். முன்னுக்கு வைத்த கையோடு நாட்காட்டியின் நேற்றைய தாளையும் கிழிப்பேன். எனக்கு முன்பிருந்தவர் எழுதாமல் விட்டுச்சென்ற முறை அது. மேலிடத்துக்குத் தெரியாது. அன்றும் பழக்கத்தால் தேதியைப் பின்னுக்கு வைத்தேன். அதற்குள் முதல் லாரி வந்துவிட்டது. சுவரில் நேற்றைய தாள் கிழிபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தே கடிதத்துக்கும் தேதியிட்டிருந்தேன். மணி சரியாகவே ஓடியதால் தேதியை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

அவர் தேதியைத் திருத்தினார். பக்கம் திறந்தது. அவ்வளவுதான்.

"மேல புதுசா ஒரு சர்டிபிகேட் போட்டுக்கிறாங்க நைனா. அது இன்னிலேந்துதான் செல்லும். உங்க பொட்டி நேத்துல நின்னுக்கினு பாக்குது. அதுக்கு இன்னிய சர்டிபிகேட்டு போலியாட்டம் தெரியுது. அதான் உள்ள வுடல" என்றார். குரலில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை, ஆகவே அதையும் சந்தேகித்தேன்.

கடைசி வண்டி போன பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தார். "விளக்கம் எழுதச் சொல்லிக்கிறாரு. எனக்கு இந்த மாதிரி தமிழ் வராது. நீங்களே எழுதிக் குடுங்க. கையெழுத்து நான் போடுறேன்."

என்னைச் சோதிக்கிறாரா, மன்னிக்கிறாரா, தண்டிக்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கடித நகலின் பின்புறத்தில் வரைவு எழுதினேன். அவர் தேநீர் குடித்து முடிக்கும் வரை ஒரே வாக்கியத்தில் நின்றேன். கணினியின் தேதியை மாற்றியவன் இன்னான் என்று எழுதினால் என் நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடியும். இறுதியில், "கணினியின் தேதி ஒரு நாள் பின்னுக்கு மாற்றப்பட்டிருந்தமையால் இணைப்பு தடைப்பட்டது, தற்போது சரிசெய்யப்பட்டது" என்று எழுதி நீட்டினேன். அவர் இருமுறை படித்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இதுல ஆளையே காணோமே நைனா" என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் தாமே அதை வேறொரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோனார்.

மாலையில் மேலாளர் என்னை அழைத்தார். "இன்னா பெரியவரே, அப்டேட் பண்ணும்போது அந்தம்மா தேதிய மாத்தி வச்சிடுச்சா? நீங்க சொன்னது கரெக்ட்டுதான் போல." மறுப்பதற்கு ஒரு சொல் போதும். "இப்ப சரியாப் போச்சு சார்" என்றேன். அது பொய்யல்ல, அதுதான் அதன் கொடுமை. மாத இறுதியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது சிஸ்டம் அம்மாவின் பெயர் அதில் இல்லை. பையோடு வாயிலுக்கு வந்தவர், வழக்கப்படி டிபன் பாக்ஸைத் தாமே திறந்து காட்டினார். "பாத்துக்கோங்க நைனா, ஒண்ணும் எடுத்துக்கினு போவல" என்று சிரித்தார். "கேலண்டர் தாள காலையிலயே கிழிச்சிடுங்க." அந்தச் சிரிப்புக்கு மட்டும் நான் காரணம் தேடவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது திருநின்றவூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ற வாரம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகளின் கணினியில் ஏதோ புதுப்பிப்பு ஏறியது, பிரவுசர் இணையவில்லை. அலுவலகக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. அவள் அறையை விட்டு வந்து என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க எதுனா தொட்டீங்களா?"

"இல்லம்மா" என்றேன். உண்மையில் நான் தொடவில்லை. அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். ஆனால் போகுமுன் ஒரு கணம் தயங்கிய அந்தப் பார்வையை நான் அறிவேன். வாழ்நாளெல்லாம் நான் வழங்கிய பார்வை அது. எழுந்து போய்த் திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டதும் எல்லாம் சீரானது. என்னிடம் வந்து அதைச் சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. அவளைக் குறை கூற எனக்கு என்ன தகுதி?

அன்று பிற்பகல் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். முன்புறம் என் குற்றச்சாட்டு. பின்புறம் ஆளில்லாத விளக்கம். ஆலை கைமாறிவிட்டது; மேலாளர் இல்லை; அம்மையாரின் பழைய எண் ஒலிப்பதில்லை. செவ்வாப்பேட்டை இங்கிருந்து தொலைவில்லை. ஆனால் வீடு தெரியாது. நான் விசாரித்து வைக்கவில்லை. அவரைப் பற்றி அவ்வளவும் குறித்து வைத்தவன், அதை மட்டும் குறிக்கவில்லை.

பின்புற வாக்கியத்தின் கீழ், "மாற்றியவன் வாயில் எழுத்தனாகிய நான்" என்று எழுதினேன். அதன் கீழே தேதியிட்டேன். சுவரில் பார்த்து, கைப்பேசியில் பார்த்து, இரண்டும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகே இட்டேன்.