கார்டில் கிடைத்த ராத்திரி

எங்கள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் பெண்ணை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதலாளிகூட அப்படித்தான், அக்காவைவிட வயதில் மூத்தவராக இருந்தும். நான் பில் போடுகிறவள். கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் கறுப்புத் திரை தொங்கும் சின்ன அறை அக்காவுடையது. "இந்த லென்ஸ் தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாள் முழுக்க உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். வருகிறவர் எத்தனை தடவை மாற்றி மாற்றிச் சொன்னாலும் அந்தக் குரல் ஏறாது. வீட்டிலும் அவர் அப்படித்தான். அதுதான் வினையே.

கடையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஊரிலேயே பெரிய ஹோட்டலின் முதுகு தெரியும். முன்பக்கம் வேறு தெருவில் இருந்தது. அந்தத் தெருவில் எங்களுக்கு வேலை இல்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் புகைக்குழாய்களும், அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றும் வேனும், சிகரெட் பிடிக்க வெளியே வரும் சமையல்காரர்களும்தான். மத்தியானம் டப்பாவைக் கையில் பிடித்தபடி அந்த ஜன்னலோரம் நின்றுதான் அக்கா சாப்பிடுவார்.

ஒரு நாள், பாங்கு கார்டு விற்கும் ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். பரிசோதனை முடிவதற்குள் அக்காவுக்கே கார்டை விற்றுவிட்டார்.

"வீட்டுச் செலவு எப்படியும் பண்ணத்தான் போறீங்க மேடம். அதை இந்தக் கார்டுல பண்ணுங்க. வருஷம் முடிஞ்சா, பின்னாடி இருக்கே, அதே ஹோட்டல்ல ஒரு ராத்திரி ஓசி. காலியா இருந்தா பெரிய ரூமா மாத்திக் கொடுப்பாங்க. காலைல ரெண்டு பேருக்கு டிபன். மத்தியானம் வரைக்கும் தூங்கலாம், யாரும் வந்து எழுப்ப மாட்டாங்க."

"யாரும் எழுப்ப மாட்டாங்களா?" என்று அக்கா கேட்டது வெளியே எனக்குக் கேட்டது. அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தார் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் அக்கா வாங்கியதெல்லாம் கார்டில்தான். அரிசியிலிருந்து கணவரின் வண்டி டயர் வரை தேய்த்தார். நாங்கள் ஏதாவது வாங்கப் போனாலும், "காசை என்கிட்ட குடு, நான் கார்டுல தேய்க்கிறேன்" என்பார். பாங்குக்குக் கட்ட வேண்டியதை ஒரு மாதமும் தவறவிடவில்லை. நடுநடுவே என்னிடம் சந்தேகம் கேட்பார். சோப்பு நாமே கொண்டுபோகணுமா? அங்கே நைட்டியோடு கதவைத் திறக்கலாமா? நான் ஏதோ வாரம் ஒரு தடவை போய்த் தங்குகிறவள் மாதிரி பதில் சொல்வேன்.

அக்காவின் கணவர் பஸ் பணிமனையில் மேற்பார்வையாளர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டியதில்லை. நாலு பேர் நடுவில் யாருக்காவது எதையாவது தூக்கிக் கொடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கொடுக்கிற பொருள் யாருடையது என்பதைப் பற்றி மட்டும் யோசிக்க மாட்டார்.

அவருடைய தங்கை மகனுக்குக் கல்யாணம் நடந்தது. விருந்தில் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே பலமாகக் கைதட்டல் கேட்டது. என்ன விஷயம் என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டிருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரர்தாங்க. மைக்கைப் புடிச்சு, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பெரிய ஹோட்டல்ல ஒரு ராத்திரி ரூம் பரிசுன்னு சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் முழுக்க அவர் கணவரைச் சுற்றி நின்றது.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறே?"

"நாம ரெண்டு பேரும் போலாம்னு நெனச்சிருந்தேன்."

"நாமளா? இந்த வயசுல அங்க போய் நீ என்ன பண்ணப் போறே, தூங்கப் போறே. அதை வீட்டுல தூங்கு."

அதற்கு என்ன பதில் சொன்னீங்க என்று நான் கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. வண்டி வேகமாப் போய்க்கிட்டிருந்தது, சொன்னாலும் கேட்டிருக்காது" என்றார்.

ரூமுக்கு அக்காதான் போன் பண்ணிச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. தேனிலவு என்று சொன்னால் கட்டிலில் பூப்போட்டு, கேக்கும் வைப்பார்கள் என்று யாரோ கணவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "அதையும் சொல்லிடு" என்றார். கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் ரூம் என்பதால், போனில் பேசிய பெண், "யாருக்கு மேடம் ஹனிமூன்?" என்று கேட்டபோது, "எங்களுக்குத்தான்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. தலை நரைத்த பிறகு இதையும் என் வாயால் சொல்ல வைத்தார் என்று அக்கா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், கொஞ்சம்.

அதோடு முடியவில்லை. கார்டுக்குரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சாவி. மாப்பிள்ளைப் பையன் போன் பண்ணி, "அத்தை, ஒரு சின்னச் சிக்கல், நீங்க கொஞ்சம் வந்துட்டுப் போகணும்" என்றான். அக்கா அரை நாள் லீவு போட்டார். ஜன்னலில் பார்த்த கட்டடத்துக்கு, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக முதல் தடவை போனார்.

கதவைத் திறந்துவிட ஒரு ஆள். கை துடைக்க வாசனைத் துண்டு. கண்ணாடித் தம்ளரில் ஏதோ ஜில்லென்று. வரவேற்பில் இருந்த பெண், "உங்களுக்குப் பெரிய சூட் ரூமாவே மாத்திக் கொடுத்திருக்கோம் மேடம்" என்று சொல்லி, தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பொத்தானை அழுத்தினால் திரை விலகியது. கீழே எங்கள் கடையின் தகர மேற்கூரையும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தனவாம். "டீத்தூளை நீ ஜன்னல் வழியாவா கொட்டறே?" என்று மறுநாள் என்னைக் கேட்டார்.

அந்தப் பெண் போன பிறகு அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். விரிப்பு கசங்கிவிடுமோ என்று முழுதாக உட்காரவில்லை. அதற்குள் கீழே வந்து நின்ற பையனிடமிருந்து போன். இறங்கிப் போய்ச் சாவியைக் கொடுத்து, இருவரையும் மேலே கூட்டிவந்தார்.

புதுப் பெண் ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். "இது பின்பக்கமால்ல இருக்கு?"

"ஓசில வேற என்ன கிடைக்கும்?" என்றான் பையன். பிறகு அக்கா நிற்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க கிளம்புங்க அத்தை, பஸ்ல கூட்டமாயிடும்" என்றான்.

மறுநாள் காலையில் கணக்கு முடிக்கவும் அக்காதான் போக வேண்டும். போனார். ஜோடி இறங்கி வரவில்லை. மத்தியானம் வரைக்கும் தூங்கலாம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அக்கா சோபாவில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் போலிருந்த ஒருவர் குனிந்து, "தூக்கம் எப்படி இருந்துச்சு மேடம்?" என்று விசாரித்தார்.

"நல்லா தூங்கினேன்" என்றார் அக்கா.

குடும்பத்தில் அது 'மாமா போட்டுக் கொடுத்த ரூம்' என்றே நிலைத்துவிட்டது. நாத்தனார் போன் பண்ணி அண்ணனிடம் நன்றி சொன்னாள். அக்காவிடம் கேட்டது ஒன்றுதான்: டிபனில் முட்டை எடுத்துக்கொண்டால் தனியாகக் காசு பிடிப்பார்களா?

அடுத்த வருஷமும் அக்கா கார்டைத் தேய்த்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லாததால் கணவருக்கும் நினைவு வரவில்லை. ரூம் கைக்கு வந்ததும், கம்பெனி ட்ரெய்னிங், வெளியூர் போகிறேன் என்று வீட்டில் சொன்னார். "அவர் கடைக்குப் போன் பண்ணா நீ பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பண்ணவில்லை.

தனியாகப் போய் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வந்தார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. நடந்தது வேறு.

வரவேற்பில் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "போன வருஷம் ஹனிமூனுக்கு வந்தீங்கல்ல மேடம்! சார் எங்கே?"

"பின்னாடி வர்றார்."

ரூம் இந்தத் தடவை சின்னது. ஆனால் கட்டில் முழுக்க ரோஜா இதழ். மேஜையில் இதய வடிவத்தில் கேக், பக்கத்தில் இரண்டு ஸ்பூன். குளியலறையில் இரண்டு வெள்ளை அங்கி, இரண்டு ஜோடிச் செருப்பு. அக்கா இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். குளித்த தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். நாளைக்கு யாரோ ஒருத்திதானே வந்து கழுவ வேண்டும் என்று தோன்றியதாம். அப்புறம் படுத்தார். படுத்ததும் செல்போன் அடித்தது, கணவர்தான்.

"சிலிண்டர் தீர்ந்துபோச்சு. புதுசை எப்படி மாட்டறது?"

கையால் திருக வேண்டியதைத் திருகி, அழுத்த வேண்டியதை அழுத்தி, அடுப்பு பற்றும் வரைக்கும் அந்தப் பஞ்சு மெத்தையில் கிடந்தபடியே சொல்லிக்கொடுத்தார். பற்றியதும் அவர் வைத்துவிட்டார். ட்ரெய்னிங் எப்படி, சாப்பிட்டாயா, ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் யாரும் எழுப்பவில்லை. இருட்டோடு இருட்டாக, வழக்கமாக எழுந்திருக்கிற நேரத்துக்கே முழிப்பு வந்துவிட்டது. மறுபடி படுத்துப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து, விடிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிபன் மேஜையில் இரண்டு பேருக்குப் போட்டிருந்தது. "சார் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா மேடம்?" என்று கேட்டான் பரிமாறுகிறவன். வேண்டாம், அவர் மெதுவாகத்தான் வருவார் என்று அக்கா சொல்ல, நல்ல பையன், சாருக்கும் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து எதிரில் வைத்துவிட்டுப் போனான்.

"அது ஆறிப்போறதைப் பாத்துக்கிட்டே என் தட்டைச் சாப்பிட்டேன்" என்றார் அக்கா. "எழுந்திரிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீணாக்கிட்டுப் போறோமேன்னு. அதையும் கொஞ்சம் சாப்பிட்டேன்."

சாப்பிட்ட கையோடு அறையைக் காலி பண்ணிவிட்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டார். லீவு இன்னும் பாதி நாள் மிச்சம் இருந்தது. கரண்ட் போய்க் கடையில் ஆள் இல்லாத மத்தியானம் அது; அப்போதுதான் இத்தனையும் சொன்னார்.

"அடுத்த வருஷம் போவீங்களாக்கா?"

"எதுக்கு? அங்கயும் நான்தானே போறேன்."

அந்த மாதமே கார்டை ரத்து பண்ணிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அவர் கணவர், பணிமனை மேனேஜர் மகளுக்கு நிச்சயமானதும், ஹோட்டல் ரூம் என் பொறுப்பு என்று அவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். கார்டு இல்லை என்று அக்கா சொன்னார்.

"யாரைக் கேட்டு ரத்து பண்ணே? நான் அவர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். இப்ப மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

அதற்கப்புறம் அக்காவோடு அவர் பேசவில்லை. கஷ்டமாக இருக்கா என்று கேட்டேன்.

"வீடு அமைதியா இருந்துச்சு" என்றார் அக்கா. "ஆனா அதுவும் ரெண்டு நாளைக்குத்தான். சட்டைல பட்டன் பிஞ்சுபோச்சுன்னு நேத்துப் பேசிட்டார்."

"தெச்சுக் குடுத்தீங்களா?"

"பின்ன?"