லோவெல் ஹார்கிஸ் கண்டெடுத்த ஒரே ஆள்

லோவெல் ஹார்கிஸ் கை கொடுத்தால் இஞ்சிக் கிழங்கைப் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு விரலும் நேராக இருக்காது. இளம் வயதில் பேஸ்பால் ஆட்டத்தின் சின்ன லீக்குகளில் கேட்சராக இருந்தவர். பிட்சர் எறிகிற பந்தையெல்லாம் குந்தி உட்கார்ந்து வாங்கி வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்ட விரல்கள் அவை. பெரிய லீக் அவரைக் கடைசிவரை கூப்பிடவில்லை. ஆட்டத்தை விட்ட பிறகு, தன்னைக் கூப்பிடாத அதே கிளப்புக்கு ஸ்கவுட்டாகச் சேர்ந்தார். பள்ளிக்கூட மைதானம் மைதானமாக அலைந்து தேறுகிற பையன்களைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு அவர்கள் சின்ன லீக்கில் எப்படி வளர்கிறார்கள் என்று போய்ப் பார்த்து ஆபீசுக்கு எழுத வேண்டும். அதுதான் வேலை.

நான் அம்பயர். அந்த நாளில் டென்னசி மலைப்பக்கத்து லீக்கில் ஊர் ஊராகப் போய்த் திட்டு வாங்குவதுதான் என் பிழைப்பு. ஆட்டக்காரர்கள் எங்களோடு சாப்பிட மாட்டார்கள், சாப்பிடவும் கூடாது. ஊர்க்காரர்கள் கூப்பிட மாட்டார்கள். மிச்சம் இருப்பது ஸ்கவுட்கள்தான், அவர்களும் எங்களை மாதிரியே போக்கிடம் இல்லாதவர்கள். அப்படித்தான் ஹார்கிஸும் நானும் பழகினோம். காலையில் சாப்பாட்டுக் கடையில் பிஸ்கட்டும் கிரேவியும், மாலையில் அவர் வலைக்குப் பின்னால் அவர் மனைவி வெர்னா தைத்துக் கொடுத்த மெத்தையில், நான் வலைக்கு முன்னால் வியர்வையில். இன்றைக்கும் மரத்தூள் வாசனை வந்தால் எனக்கு ஹார்லோ ஃபால்ஸ் மைதானம்தான் ஞாபகம் வருகிறது. பக்கத்திலேயே நாற்காலி செய்கிற ஆலை இருந்தது. மைதானம் போய்விட்டது, ஆலையும் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது பழைய கார் விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவதே இல்லை.

ஸ்கவுட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பையன் மேல் கண் இருக்கிறதோ அவன் ஆட வரும்போது எழுந்து போய் வேர்க்கடலை வாங்குவார்கள். மற்ற கிளப்பின் ஸ்கவுட் மோப்பம் பிடித்துவிடக் கூடாது. ஹார்கிஸ் அதற்கும் மேலே போனார். கிராமப்புறங்களில் தன்னை உர வியாபாரி என்று சொல்லிக்கொள்வார். விவசாயிகள் சும்மா விடுவார்களா? சோளத்துக்கு எது, புகையிலைக்கு எது என்று பிடித்துக்கொள்வார்கள். பதில் சொல்லிச் சொல்லியே உரத்தைப் பற்றி நிஜமாகத் தெரிந்துகொண்டார். ஒருமுறை ஒருவர் மூட்டைக் கணக்கில் ஆர்டரே கொடுத்துவிட்டார். அவரிடமிருந்து தப்பித்து ஓடிய கதையைச் சொல்லச் சொல்லி நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

சிரிப்பெல்லாம் சரி. ஆனால் அத்தனை வருஷத்தில் அவர் கையெழுத்து வாங்கிய பையன்களில் ஒருவன்கூடப் பெரிய லீக்கில் கால் வைக்கவில்லை. ஹார்கிஸ் கை வைத்தால் பையன் நேரே ஊருக்குத் திரும்பி டிராக்டர் ஓட்டுவான் என்று மற்ற ஸ்கவுட்கள் அவர் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

கார்லின் மோட்ஸை அவர் கென்டக்கியில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் கண்டெடுத்தார். பையனின் அம்மா சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தில் மூன்று துண்டு தின்றுவிட்டு, உங்கள் மகனைப் பெரிய லீக்கில் பார்ப்பீர்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பையன் ஹார்லோ ஃபால்ஸ் அணிக்குக் கேட்சராக வந்து சேர்ந்தான்.

கேட்சர் குந்தியிருப்பான். அவன் தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்துக்கொண்டு, அவன் கழுத்தில் என் மூச்சு படுகிற தூரத்தில் நான் குனிந்திருப்பேன். கோடை முழுவதும் இப்படித்தான். அவனைப் பற்றிப் பெற்ற தாய்க்குத் தெரியாததெல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலான கேட்சர்கள் திருடர்கள். தரையில் பதித்த பிளேட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து அம்பயருக்கு நல்ல பந்தாகக் காட்டுவார்கள். கார்லினும் இழுப்பான், அது அவன் வேலை. ஆனால் ஒருநாளும் தலையைத் திருப்பி என்னை முறைத்ததில்லை. முறைத்தால் கூட்டம் முழுக்க என்னைக் கூவும் என்று அவனுக்குத் தெரியும். முகத்தைப் பிட்சர் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்பான்.

"சார், அது ஓரத்தத் தொட்டுச்சா?"

"தொடல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

முதல் மாதம் இவன் எனக்குச் சோப்புப் போடுகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவன் நிஜமாகவே அப்படித்தான் பார்க்கிறான்.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. பேட்டில் உரசிப் பின்னால் பாய்கிற பந்து கேட்சர் மேல் படும். வலியில் அவனால் எழுந்திருக்க முடியாது, காட்டிக்கொள்ளவும் முடியாது. அப்போது அம்பயர் முன்னால் வந்து, பையிலிருந்து சின்னப் பிரஷை எடுத்து, அந்த வெள்ளை பிளேட்டைத் துடைப்பார். அது பளிச்சென்றுதான் இருக்கும். இருந்தாலும் கேட்சருக்கு மூச்சு வருகிற வரைக்கும் துடைப்பார். அம்பயருக்கு அடிபட்டால் கேட்சர் நடந்து போய்ப் பிட்சரோடு பேசிக்கொண்டு நிற்பான். ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவான். பேச்சா முக்கியம், நேரம்தான் முக்கியம்.

இரண்டாவது வருஷம் ஆகஸ்டில் ஹார்கிஸ் வாடிய முகத்தோடு வந்து இறங்கினார். கார்லினின் பேட்டிங் படுத்துவிட்டது. அவனை அனுப்பிவிடலாம் என்று அணியின் மேனேஜர் டாபின் ஆபீசுக்குச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்து, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஹார்கிஸ் எழுத வேண்டும். கிரேவி ஆறிப்போகிறது, மனிதர் தொடவில்லை.

"இவன்தான்னு நெனச்சேன், மெரில்," என்றார் என்னிடம். "இவனும் இல்லேன்னா, இத்தன வருஷம் நான் என்னத்தப் பாத்தேன்?"

நான் பிஸ்கட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

வாரம் முழுவதும் கார்லின் சொதப்பினான். கடைசி நாள் மாலை மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது. முதல் முறை ஆட வந்தபோதே பந்தை ஆலையின் முற்றத்துக்கு அனுப்பினான், ஹோம் ரன். அடுத்த முறை சுவரில் அடித்து, ஓடித் தொட வேண்டிய நான்கு தளங்களில் இரண்டாவது வரை ஓடினான். பிட்சர் பந்தெறியும் சாக்கில் இரண்டாவது தளத்துக்கு நழுவி ஓடப் பார்த்த எதிரணிக்காரனையும் பந்தை எறிந்து அவுட்டாக்கினான். கேட்சர் எறிகிற நேரத்தை ஸ்டாப்வாட்சில் பிடிக்கிற ஹார்கிஸ், முகத்தில் எதையும் காட்டாதவர், மெத்தையை விட்டுப் பாதி எழுந்தே விட்டார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

மழையால் ஆட்டம் நின்றால் எங்கள் லீக்கில் ஒரு விதி. முன்னால் இருப்பது சொந்த ஊர் அணி என்றால், ஐந்தாவது இன்னிங்ஸில் எதிரணி ஆடி முடித்தால் போதும், ஆட்டம் செல்லும். முடிக்காவிட்டால் ஆட்டமே நடக்கவில்லை என்று அர்த்தம். அடித்த ஹோம் ரன்னும் அடிக்காததாகிவிடும். ஹார்லோ ஃபால்ஸ் முன்னால் இருந்தது. எதிரணிக்கு ஐந்தாவதில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட். மண்வாசனை வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு பந்து பேட்டில் உரசி நேராக என் தொண்டையில் வந்து அடித்தது.

முழங்காலில் விழுந்தேன். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கார்லின் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். நேராகப் பிட்சரிடம் நடந்தான், நின்று பேசினான், சாவகாசமாகத் திரும்பி வந்தான். நான் இன்னும் எழவில்லை. உடனே அவன் உட்கார்ந்து முட்டிக்காப்பின் வார்களை அவிழ்த்து, ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தான். டாபின் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"மழை வருதுடா, உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? உன் ஹோம் ரன்தானடா போவும்!"

"வார் அறுந்துபோச்சு, கோச்."

வார் என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

நான் எழுந்து முகமூடியை மாட்டவும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது. தார்ப்பாய் போட்டார்கள், காத்திருந்தோம், மைதானம் குளமானது. ஆட்டம் ரத்து என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லக் குரலில்லை, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கார்லின் காலி இருக்கைகளைப் பார்த்தபடி நனைந்துகொண்டு நின்றான். மழை மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

மறுநாள் காலை கடையில் ஹார்கிஸ் எனக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தார். பேச முடியாத நான் காகிதத் துவாலையில் எழுதினேன்: அந்த ஹோம் ரன்னை ஆபீசுக்குச் சொல்லுங்கள், நீங்கள்தான் பார்த்தீர்களே.

"அது நேரா வந்த பந்து, மெரில். வளைஞ்சு வந்தா அவன் தொடமாட்டான், நாளைக்கும் தொடமாட்டான். அது கணக்குல ஏறியிருந்தாலும் நான் அனுப்பிடுங்கன்னுதான் எழுதியிருப்பேன். எழுதிட்டேன்." காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "ஆனா நேத்து ஒண்ணு பாத்தேன். ஊரே வானத்தப் பாத்துச்சு. இவன் உன் வாயில மூச்சு வருதான்னு பாத்தான். தன் ஹோம் ரன் கரையுதுன்னு தெரிஞ்சும் உக்காந்து வார மாட்டுறான். பந்து எங்க போச்சுன்னு ரெண்டு வருஷமா உங்கிட்ட பொய்யும் சொன்னதில்ல. ஃப்ளோரிடால உங்க அம்பயர் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குல்ல?"

உங்களுக்குப் பைத்தியமா, பெற்றவள் விடுவாளா என்று எழுதினேன்.

"அவகிட்ட பெரிய லீக்குன்னுதான்யா சொன்னேன். கையில கிளவுஸ் போட்டுக்கிட்டுத்தான் போவான்னு சொன்னேனா?"

போகச் சொல்வது மேனேஜர் வேலை. ஆனால் ஹார்கிஸ் தானே பையனைத் தன் வண்டியில் உட்கார வைத்துச் சொன்னார். கார்லின் முதலில் அழுதானாம். பிறகு, அம்பயரை எல்லாரும் திட்டுவார்களே என்று கேட்டானாம். "இப்ப மட்டும் டாபின் உனக்கு முத்தமாடா குடுத்தான்?" என்றாராம் இவர். அழுகைக்கு நடுவே பையன் சிரித்துவிட்டான். பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

அம்பயர்களும் கீழேயிருந்து படிப்படியாகத்தான் ஏற வேண்டும், ஆட்டக்காரனைவிட மெதுவாக. எனக்கு முட்டி போய் வீட்டில் உட்கார்ந்தேன். ஹார்கிஸுக்கு வயதாகிவிட்டது என்று கிளப் அவரையும் அனுப்பியது. ஆனால் கார்லின் வேலை பார்க்கிற ஊர் வண்டி எட்டும் தூரத்தில் இருந்தால் மனிதர் மெத்தையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரைப் பார்க்க வந்தாய் என்று பழைய ஸ்கவுட்கள் கேட்டால், அந்த நீலச் சட்டையை என்பார், அதாவது அம்பயரை. அவர்கள் ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

ஒரு ஜூலையில் கார்லின் எங்களுக்கு டிக்கெட் அனுப்பினான். சின்சினாட்டி. பெரிய லீக்கில் பிளேட்டுக்குப் பின்னால் அவன் நிற்கும் முதல் ஆட்டம். ஹார்கிஸ் அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தார். கார்லினின் அம்மா எங்களுக்கு நடுவே மடியில் ஒரு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஆப்பிள் பை. மூன்று துண்டு இவருக்குத்தான், கணக்கு மறக்கவில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆட்டத்தின் நடுவில் ஒரு பந்து உரசிக்கொண்டு போய்க் கேட்சரின் தோளில் இறங்கியது. அவன் தலை கவிழ்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கார்லின் நிதானமாக முன்னால் வந்து, பிரஷை எடுத்துக் குனிந்தான். அந்த பிளேட்டில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். துடைத்தான். ஒரு மூலை, அடுத்த மூலை, மறுபடி முதல் மூலை. அத்தனை பெரிய கூட்டமும், ஆட்டத்தை ஆரம்பிடா என்று கூவியது. அவன் காதில் வாங்கவே இல்லை.

பக்கத்தில் டிக்கென்று சத்தம். பழக்கதோஷம், ஹார்கிஸ் ஸ்டாப்வாட்சை அமுக்கியிருந்தார். கேட்சர் எழுந்து முகமூடியை இறக்கியதும் கார்லினும் நிமிர்ந்தான். மறுபடி ஒரு டிக். ஹார்கிஸ் கடிகாரத்தை அந்தக் கோணல் விரல்களுக்குள் வைத்து வெகுநேரம் பார்த்தார். கண் தளும்பிவிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பெரிய லீக் நேரம்யா," என்றார்.

முன் வரிசையில் ஒருவர் திரும்பி, எந்த ஆட்டக்காரனுக்காக வந்திருக்கிறீர்கள் என்று எங்களைக் கேட்டார். எங்கள் ஆள் ஆட்டக்காரன் இல்லை என்று ஹார்கிஸ் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அம்மா கையை நீட்டிக் காட்டினாள்.

"அங்க துடைச்சிக்கிட்டிருந்தான்ல, அவன் என் மகன். இவர்தான் கண்டுபிடிச்சார்."