மாடி ஏறியாச்சா, இறங்கியாச்சா

போனில் தினமும் ரோஜாப்பூவும் சூரியனும் அனுப்பி 'சுப தினம்' சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முகம் தெரியாது, ஊர் தெரியாது, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வந்து நிற்கப் போவதில்லை. இதில் என்ன சிநேகம் வேண்டிக்கிடக்கிறது? இதுதான் ரொம்ப நாளாக என் கட்சி. பக்கத்து வீட்டு விலாசினியிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

திருச்சூர்ப் பக்கத்து எங்கள் கொடகரையில் விலாசினியைத் தெரியாத வீடு கிடையாது. பஞ்சாயத்துக் கொடுத்த பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் கழிவு வாங்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. பால் கவரைக் கழுவாமல் நீட்டினால் டாக்டர் வீடாக இருந்தாலும் வாசலிலேயே நின்று வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். "நாத்தம் புடிச்ச கவரை நீங்களே தலைமாட்டுல வச்சுத் தூங்குங்க சாரே" என்று ஒரு ரிட்டயர்டு தாசில்தாரைக் கேட்டவள். அவர் அன்றிலிருந்து கவரைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறார்.

அவள் கணவன் சுகதன் பெயிண்டர். கும்ப மாசத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தான். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் போட்ட நாளிலிருந்து அவன் சுவர்ப்பக்கம் திரும்பியவன்தான். பேச முடியும், ஆனால் பேசுவதில்லை. விலாசினி பச்சைக் கோட்டை ஆணியில் மாட்டினாள். ஊரெல்லாம் சுற்றிய கால், கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் கட்டுண்டு போனது.

முதல் மாதம் கூட்டமான கூட்டம். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ரொட்டி. ஒவ்வொருவரும் ஒரு வைத்தியரின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனார்கள். "அங்க கொண்டுபோயிருந்தா இந்நேரம் நடந்திருப்பான்" என்று ஒருத்தி காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். விலாசினி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுததை நான் பார்த்தேன். அப்புறம் கூட்டமும் குறைந்தது. சாயங்காலம் மீன்குழம்போடு போகிறவள் நான் ஒருத்திதான்.

ஆனால் அவளுக்கு மொட்டை மாடி இருந்தது. விழுவதற்கு முன் சுகதன் வாங்கிக் கொடுத்த முப்பது நாற்பது மண் பைகள். அதில் வெண்டை, பாகல், மிளகாய். போனில் 'ஒரு பிடி மண்' என்று ஒரு வாட்ஸ்அப் கூட்டம். காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை மாடியில் காய்கறி போடும் பைத்தியங்கள் அத்தனை பேரும் அதில் உண்டு. ஒருவருக்கொருவர் தபால் உறையில் விதை அனுப்பிக்கொள்வார்கள். அதில் ஒரு வேடிக்கையான சட்டம். விதை வாங்கியவர் நன்றி என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாது. எழுதினால் அபராதம், பத்துப் பேருக்கு விதை அனுப்ப வேண்டும். காய்த்த பிறகு காயின் படத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான். கூட்டத்தை நடத்தும் மாஷ் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், கண்டிப்பானவர். ஆயிரம் பேரும் நன்றி நன்றி என்று எழுத ஆரம்பித்தால் அசுவினிப் பூச்சிக்கு மருந்து கேட்டவனின் கேள்வி அடியில் போய்விடும் என்பார்.

அந்தக் கூட்டத்தில் யாரும் சுகதனைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். விஷயம் தெரியும்; விலாசினி ஒரே ஒரு தடவை எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு நிலம்பூரிலிருந்து ஸைனபா என்கிற ஒரு அம்மாள், எல்லாருக்கும் அக்கா முறையில் ஸைனபா இத்தா, தினமும் காலையில் குரல் அனுப்ப ஆரம்பித்தாள். "விலாசினி மோளே, மாடி ஏறியாச்சா? பாகல்ல பூ வந்துச்சா?" அவ்வளவுதான் கேள்வி. அந்த ஸைனபாவின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புச் செம்பருத்தி.

"அவளுக்கு மூஞ்சி இல்லையாடீ? பூவைப் போட்டு வச்சிருக்கா" என்றேன்.

"உங்களுக்கு மூஞ்சி இருக்கே சேச்சி, என்ன பிரயோஜனம்? அதைத் தூக்கி வச்சுக்கிட்டு என்னைத் திட்டத்தானே வர்றீங்க" என்றாள் விலாசினி. அந்த நாட்களில் அவள் பழையபடி வாயைத் திறந்தது அப்போதுதான். எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

மழைக்கு முன்னால் அந்த ஸைனபா ஓர் உறையில் சதுரப் பயறு விதை அனுப்பினாள். நாலு ஓரமும் சுருக்கம் வைத்துத் தைத்த மாதிரி இருக்குமே, அந்தக் காய். விலாசினி பந்தல் கட்டிப் படரவிட்டாள். இடவ மாசம் போய், மழைக் கர்க்கடகம் போய், ஓணமும் போனது. கொடி மாடிச் சுவரைத் தாண்டி என் வீட்டுக் கூரைக்கே வந்துவிட்டது. இலையோ இலை. பெயருக்கு ஒரு பூ இல்லை.

"ஆடு வளர்க்கிறியாடீ? இலைக்காகவா இவ்வளவு தண்ணி சுமக்கிற?" என்று நான் கேலி செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் மருத்துவமனையில், இனி எழுந்து நடப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று முடிவாகச் சொல்லியிருந்தார்கள்.

கன்னி மாசத்தில் ஒரு மத்தியானம். ரேஷன் கடையிலிருந்து அரிசியோடு வருகிறேன். விலாசினி வீட்டுக் கேட்டை ஓர் ஆள் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறான். காக்கிச் சட்டை, இடுப்பில் கம்பத்தில் ஏறுகிறவர்கள் கட்டும் தடித்த பெல்ட், உடம்பெல்லாம் வேர்வை. ஃபியூஸைப் பிடுங்க வந்த லைன்மேன் என்று நினைத்தேன். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"கரண்ட் பில்லெல்லாம் கட்டியாச்சு. படுத்துக் கிடக்கிற மனுஷன் தலைக்கு மேல சுத்துற ஃபேனை நிறுத்தணுமா உனக்கு? போடா அந்தப் பக்கம்."

"அம்மச்சி, நான் அதுக்கு வரல..."

"யாருடா உனக்கு அம்மச்சி? சேச்சின்னு சொல்லு."

"சேச்சி, கேட்டைத் திறங்க. விலாசினி சேச்சி எங்க? ஸைனபா இத்தா அனுப்பினாங்க."

"எந்த ஸைனபா? அந்தச் செம்பருத்தியா?"

அவன் அதற்குள் பெல்ட்டோடு கேட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்து, உள்தாழ்ப்பாளை நீக்கிவிட்டு மாடிப்படியைத் தேடி ஓடினான். உள்ளேயிருந்து சுகதனின் குரல் கேட்டது. "மேல! மேல போங்க!" மாதக் கணக்கில் சத்தமாகப் பேசாதவன் தொண்டை கிழியக் கத்தினான். அரிசியைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

விலாசினி பின்பக்க மாடிச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் அந்தப் பக்கம். போன் மடியில் கிடந்தது. என் மாதாவே என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். அந்தப் பையன், பிரசன்னன் என்று பெயர், படியேறிய மூச்சு வாங்கிக்கொண்டே நின்றான். ஒரு அதட்டல் இல்லை, ஒரு புத்திமதி இல்லை. பந்தலைத் தொட்டுப் பார்த்தான்.

"சேச்சி, இதையா பிடுங்கப் போறேன்னு எழுதினீங்க?"

விலாசினி திரும்பாமல் சொன்னாள். "பூக்காது. எவ்வளவு தண்ணி ஊத்தியாச்சு. பூக்கவே பூக்காது."

"இப்பப் பூக்காதுதான். பகல் நீளமா இருக்கிற வரைக்கும் இது இலைதான் விடும். துலா மாசம் கடந்து பகல் குறையணும், பனி இறங்கணும், அப்பத்தான் பூவே. தெரியாம எல்லாரும் கன்னியில பிடுங்கிடுவாங்க. நானே ரெண்டு வருஷம் பிடுங்கிப் போட்டிருக்கேன் சேச்சி. இந்தப் பக்கம் இறங்கி வாங்க. வேர்ல மண்ணு அணைக்கணும், எனக்கு ஒரு கை வேணும்."

அவள் இறங்கினாள். அப்படியே தரையில் சரிந்து என் மடியில் தலையை வைத்து அழுதாள். அவள் அழுகிற வரைக்கும் பிரசன்னன் திரும்பிப் பார்க்கவில்லை. வேருக்கு மண் அணைத்துக்கொண்டே இருந்தான். ஒரு பைக்கு அவ்வளவு மண் எதற்கு?

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மத்தியானம் அவள் கூட்டத்தில் கொடியின் படத்தைப் போட்டு, 'இது பூக்காது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போடப் போகிறேன். எனக்குப் போதும்' என்று எழுதியிருக்கிறாள். ஆயிரம் பேர் அதைச் செடிப் பேச்சாகத்தான் படித்திருப்பார்கள். நிலம்பூரில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த ஸைனபா அதைப் படித்துவிட்டுக் கத்தியைக் கீழே போட்டாளாம். போன் செய்திருக்கிறாள், விலாசினி எடுக்கவில்லை. கொடகரைப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டதில் பிரசன்னன் அகப்பட்டிருக்கிறான். அவன் கம்பத்தின் மேல் இருந்தானாம். பெல்ட்டைக் கழற்றக்கூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தெரியாதது, அடுத்த ஜில்லாவில் எங்கேயோ இருக்கிறவளுக்குத் தெரிந்தது. எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

மறுநாளிலிருந்து ஸைனபாவின் கேள்வி இரண்டாயிற்று. காலையில், "மோளே, மாடி ஏறியாச்சா?" கொஞ்ச நேரம் கழித்து, "இறங்கியாச்சா?" விலாசினி பதில் போடும் வரை மறுபடி மறுபடி வரும். ஒருநாள் அவள் பதில் போடாமல் குளிக்கப் போய்விட, பிரசன்னன் மறுபடி கேட்டில் வந்து நின்றான். "ஒண்ணுமில்ல சேச்சி, சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றான். அன்றைக்கு நான் அவனுக்குச் சோறு போட்டேன்.

துலாம் முடிந்து விருச்சிக மாசம் பிறந்தது. ஒருநாள் விலாசினி மாடியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூவினாள். வெளிர்நீலத்தில் பூ, கொடி முழுக்க. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

தனு மாசத்தில் திருச்சூரில் கூட்டம் கூடியது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் விதையோடு நேரில் சந்திப்பார்கள். "ஸைனபா இத்தாவை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும் சேச்சி. சுகதேட்டனை நீங்க பாத்துக்குவீங்களா?" என்றாள். பாத்துக்கொள்கிறேன் என்றேன். சதுரப் பயற்றை எண்ணெயில் வதக்கி மெழுக்குப்புரட்டி செய்து தூக்குவாளியில் வைத்து, நல்ல சேலை கட்டி, முதல் பஸ்ஸில் போனாள். அவள் போன பிறகு பார்க்கிறேன், போன் மேஜையில் கிடக்கிறது. போனில் கிடைத்த சிநேகிதியைப் பார்க்கப் போகிறவள் போனை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு முகம்கூட அவளுக்குத் தெரியாது. அங்கே போய்ச் செம்பருத்தியையா தேடுவாள்?

பத்து மணிவாக்கில் போன் அடித்தது. "மோளே, எங்க நிக்கிற?"

"மோள் இல்ல, பக்கத்து வீட்டு ரோசிலி. அவ போனை இங்க போட்டுட்டு வந்துட்டா. மஞ்சள் சேலை, கையில தூக்குவாளி, திருவிழாவுல தொலைஞ்ச குழந்தை மாதிரி முழிச்சிக்கிட்டு நிப்பா. தேடுங்க."

"ஓ, அந்த வாய்க்காரி ரோசிலி சேச்சியா? உங்களைப் பத்தித் தினமும் சொல்லுவா" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. என்ன சொல்லியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள், இந்தத் தடவை வீடியோவில். முக்காடு போட்ட ஒரு குண்டு முகம். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மஞ்சள் சேலை. நான் போனைச் சுகதனின் முகத்துக்கு நேரே பிடித்தேன். வழக்கம்போலச் சுவரைப் பார்த்தவன், மெல்லத் திரும்பினான்.

அங்கே மேடையில் மாஷ் கூப்பிட்டிருக்கிறார் போல. விலாசினி மைக்கைப் பிடித்தாள். பிறகு ஒரே மூச்சில், "நன்றி. ஸைனபா இத்தாவுக்கு நன்றி, பிரசன்னனுக்கு நன்றி, எல்லாருக்கும் நன்றி" என்றாள்.

"விலாசினிக்கு அபராதம்!" என்று மாஷ் குரல் கொடுக்க, மண்டபம் சிரித்தது.

"போடுங்க மாஷே. நூறு விதைக் கவர் போடுங்க. நான் சொல்லத்தான் செய்வேன். நன்றி, நன்றி, நன்றி" என்று அழுதுகொண்டே பழைய கழுவாத-பால்-கவர் குரலில் சண்டை போட்டாள்.

சுகதன் கையை நீட்டினான். "ரோசிலி சேச்சி, அதை இங்க குடுங்க."

கொடுத்தேன்.

"இத்தா, சுகதன் பேசறேன். அன்னிக்கு அவ சீக்கிரமே சோறு போட்டுட்டு, தண்ணியைக் கைக்கு எட்டற மாதிரி வச்சுட்டு, ஏதாவது வேணும்னா ரோசிலி சேச்சியைக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் மாடிக்குப் போனா. எனக்குப் புரிஞ்சிடுச்சு. கத்தினேன். யாருக்கும் கேக்கல. என் பொண்டாட்டி மாடி மேல இருக்கா, என்னால எந்திரிக்க முடியல. அந்தப் பிள்ளை வந்து கேட்டை ஆட்டுற வரைக்கும் நான் இந்தச் சுவரைத்தான் பாத்துக்கிட்டு கிடந்தேன்." போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். "எனக்குப் பதிலா நீங்க எந்திரிச்சீங்க இத்தா. எனக்கும் பத்துக் கவர் அபராதம் போடச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஸைனபா அழுதாள். இந்தப் பக்கம் நான்.

விலாசினி பொழுது சாய்ந்து பஸ் இறங்கி வந்தபோது, சுகதன் தலையணையில் சாய்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பழைய காலண்டர் தாளை மடித்து விதை உறை ஒட்டிக்கொண்டிருந்தான். பசை தீர்ந்துபோயிருந்தது. நான் வீட்டுக்குப் போய்ப் பசைக்குக் கொஞ்சம் சோறு பிசைந்து எடுத்துவந்தேன்.