முற்றத்துச் சிவப்புச் சொட்டு

“செவ்வாய். கியர் லேட்டா பிடிக்குது. ஒயில் மட்டம் சரி. ஒழுக்கு இல்லை. கேபிள் இறுக்கினது.”

என் தாய்மாமாவின் குறிப்புப் புத்தகத்தில், நீல மையில், ஓரத்தில் ஒரு பெருவிரல் கறையோடு இருக்கும் பதிவு இது. மாமா இறந்த பிறகு அத்தை எனக்குக் கொடுத்த நான்கு புத்தகங்களில் இது இரண்டாவது. தேதியும் மாதமும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. பழைய நாட்காட்டிகளில் அந்தத் தேதி எந்த ஆண்டில் செவ்வாயாக வந்தது என்று தேடிப் பார்த்தேன். நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஆண்டோடு அது பொருந்துகிறது. எனக்கு அப்போது பத்து வயது.

பதிவில் உள்ள நான்கு செய்திகளில் மூன்று, மாமா தன் கண்ணாலும் கையாலும் அறிந்தவை. “ஒழுக்கு இல்லை” என்பது மட்டும் நான் சொன்னது.

அப்பா பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். மாமா அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் லொறி ஓட்டினார். அந்த லொறிக்கு வைத்தியமும் அவரே பார்த்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அப்பா, ஹட்டனில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினார். தானாகவே கியர் மாறும் வகை. எங்கள் பக்கத்தில் அதற்கு முன் அப்படியொரு வண்டியை யாரும் கண்டதில்லை. கார் வந்த அன்று மாமா உள்ளே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏன் அத்தான், ஒரு பெடல் கொறையுதே. மொதலாளி வீட்டுலயே கழட்டி வச்சிக்கிட்டாரா?”

“இது படிச்சவங்க ஓட்டுற காரு மாப்ள. கால ஒதைச்சு ஒதைச்சு ஓட்ட இது என்ன ஒன் லொறியா?” என்றார் அப்பா. அவர் அந்தக் காரை அதுவரை இரண்டு மைல் கூட ஓட்டியிருக்கவில்லை.

மாமா சிரித்தாரே தவிர, அந்தக் காரைப் பற்றி அறிந்துகொள்ளாமல் அதில் கை வைக்கவில்லை. நுவரெலியாவில் ஒரு கராஜுக்குப் போய், அங்கிருந்த வயதான மெக்கானிக்கிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தாளும் புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கியர்பொக்ஸ் ஒயிலின் மட்டத்தை இஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். வண்டி சூடாகியிருக்க வேண்டும். கியர்த் தண்டை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். அளவுக் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறார்: “சமதரையில் மட்டும்.”

தேயிலைத் தோட்டத்தில் சமதரைக்கு எங்கே போவது? எங்கள் குவாட்டர்ஸ் முற்றம் கூட, ஒரு மாங்காயை வைத்தால் அது தானாகக் கீழோரத்துத் தண்ணீர்க் கானில் போய் விழும் சரிவு. தோட்டம் முழுவதிலும் சமமாக இருந்தது, காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களம் ஒன்றுதான். மாமா கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை அங்கே கொண்டுபோய்ப் பழைய ஒயிலை இறக்கினார். அது கறுப்பாக, கருகிய பாற்சோறு போல ஒரு வாசத்தோடு வந்தது. அடித்தட்டைக் கழற்றிக் கழுவி, ஒயில் வடிகட்டியைத் துடைத்து, ஒழுகாமல் தடுக்கும் புதிய கெஸ்கட் வைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக எதிரெதிர் மூலையில் இறுக்கினார். பிறகு புதிய ஒயிலை ஊற்றினார். நான் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது நாவற்பழச் சாறு போலத் தெளிந்த சிவப்பு. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அப்பா வெள்ளைச் சட்டையோடு சற்றுத் தள்ளியிருந்த பாலத்தடியில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா அங்கே வரவே இல்லை.

இரண்டு வாரம் கார் நன்றாக ஓடியது. எரிபொருள் செலவுக்குப் பயந்து அப்பா அதை ஞாயிறுகளில் தேவாலயத்துக்கு மட்டும் எடுத்தார். மற்ற நாட்களில் அது முற்றத்தின் மேல்புறத்தில் நின்றது.

அந்த நாட்களில்தான் முற்றத்தின் கீழ் ஓரத்தில், கானுக்குப் பக்கத்தில், காலையில் சிவப்புக் கறை தென்படத் தொடங்கியது. அந்த இடத்தில்தான் மாலையில் தோட்டத்துக் காவல்காரரான வாச்சர் தாத்தா வந்து கட்டையில் உட்காருவார். வாய் நிறைய வெற்றிலை. அம்மாவுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. புதன்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் வருவார்கள். அம்மா வாச்சர் தாத்தாவை நிறுத்தி, கொஞ்சம் தள்ளிப் போய்த் துப்பக்கூடாதா என்று கேட்டார். அவர் தான் கானுக்குள்தான் துப்புவதாகச் சொன்னார். அம்மா நம்பவில்லை. அவரும் அதன் பிறகு அங்கே உட்காருவதை விட்டுவிட்டார். கறை மட்டும் விடவில்லை. தினமும் பாடசாலைக்குப் போகுமுன் ஒரு வாளித் தண்ணீரும் விளக்குமாறுமாக அதைக் கழுவுவது என் வேலையாயிற்று.

அது எச்சில் இல்லை என்று எனக்கு எப்போது தெரிந்தது என்பதை இன்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. முதல் நாள் தெரியாது. ஆனால் ஒருநாள் தண்ணீர் ஊற்றியபோது அது கரையாமல் மேலே மிதந்து, வானவில் நிறங்களாக விரிந்தது. விளக்குமாற்று ஈர்க்குகள் வழுக்கின. நான் மேலே பார்த்தேன். காரின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ஈரக் கோடு சரிவில் இறங்கி வந்திருந்தது. புனலில் ஊற்றிய சிவப்பையும் முற்றத்துச் சிவப்பையும், இரண்டையும் பார்த்தவள் வீட்டில் நான் ஒருத்திதான்.

சொல்லவில்லை. காரணம் அக்காவின் நேர்முகப் பரீட்சை.

அக்கா உயர்தரப் பரீட்சை முடித்து, ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். கடிதம் வந்துவிட்டது: வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி, நுவரெலியா. அவள் முதல் பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்றாள். அப்பா கேட்கவில்லை. ஆசிரியரின் மகள் ஆசிரியையாகப் போகிற நாளில், சொந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும். மாமா ஓட்டுவார், அவர் அதற்காக லீவு போட்டிருந்தார். பின் இருக்கையில் ஓர் இடம் மிச்சம் இருந்தது, அதை எனக்குத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். பரீட்சை முடிந்ததும் ஏரிக்கரையில் குதிரை பார்க்கலாம். கார் கெட்டுவிட்டது என்று தெரிந்தால் அப்பாவும் அக்காவும் பஸ்ஸில் போவார்கள். நான் பாடசாலைக்குப் போவேன்.

செவ்வாய் மாலை மாமா காரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வந்தார். கியரில் போட்டதும் வண்டி உடனே நகரவில்லை. இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு ஒரு குலுக்கலோடு கிளம்பியது. மாமாவின் முகம் மாறியது. பெரட்டுக்களத்துக்கு எடுத்துப்போகலாம் என்று பார்த்தால் அங்கே கொழுந்து லொறிகள் நின்றன. அவை போக இருட்டிவிடும். வேறு வழியில்லாமல் எங்கள் முற்றத்துச் சரிவிலேயே, சக்கரத்துக்குக் கல் வைத்து, இஞ்சினை ஓடவிட்டு மட்டம் பார்த்தார். கம்பி நிறைவாகக் காட்டியது. அவர் திருப்தியடையவில்லை. சரிவில் கம்பி காட்டுவதை அப்படியே நம்பக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார். மாலையில் பெய்த மழையில் எல்லாமே நனைந்து மின்னிக்கொண்டிருந்தன.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, நீதானே காலையில இந்த எடத்தக் கழுவுற? செவப்பா, எண்ணெ மாதிரி சொட்டு ஏதாச்சும் பாத்தியா?”

“இல்ல மாமா. வாச்சர் தாத்தா எச்சிதான் கெடக்கும்.”

“எச்சியா எண்ணெயான்னு ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “சரி பாப்பா” என்றார். ஒயில் குறையவில்லை என்றால் கோளாறு கியர்க் கேபிளில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதை இறுக்கினார். அப்படிச் செய்தபின் தற்செயலாகவோ என்னவோ, வண்டி கொஞ்சம் சீக்கிரமாகவே பிடித்தது. அதை எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் கேட்டது வெறும் சொட்டைப் பற்றித்தான் என்று நினைத்தேன்; என் பதிலை நம்பித்தான் வண்டியை மலை ஏற்றப்போகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். அக்கா அம்மாவின் நீலப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள்; சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தலவாக்கலை வரை ஒன்றும் இல்லை. மாமா அக்காவை “டீச்சரம்மா, டீச்சரம்மா” என்று சீண்டிக்கொண்டே வந்தார். முழங்கால் போட வைக்க மாட்டீங்கதானே என்று கேட்டார். நானுஓயாவுக்கு முந்திய ஏற்றத்தில் இஞ்சின் திடீரென்று உறுமியது. வண்டி போகவில்லை. மாமா மிதியை விட்டு மறுபடி மிதித்தார். உறுமல் மட்டும் ஏறியது. அப்படியே வேகம் செத்து, ஒரு தேயிலை மலையின் ஓரத்தில் நின்றுவிட்டது. கருகிய வாசம் வந்தது.

மாமா இறங்கி அடியில் படுத்தார். எழுந்தபோது அவருடைய விரல்கள் சிவப்பாக இருந்தன. நாங்கள் ஏறிவந்த தார் ரோட்டின் மேல், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை, புள்ளி புள்ளியாக அதே சிவப்பு.

“ஆணிய ஒழுங்கா இறுக்கினியா இல்லையா?” என்றார் அப்பா. அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாமா கைகளைத் துணியில் துடைத்தார். நான் காரின் மறுபுறத்தில் நின்றேன்.

“ஏந் தப்புதான் அத்தான்” என்றார். “மொத அக்காவ பஸ்ஸுல ஏத்துங்க.”

எங்கள் வீட்டில் அக்காவை அவரும் அக்கா என்றுதான் சொல்வார், எனக்காக. வந்த இரண்டு பஸ்களும் நிரம்பி வழிந்து நிற்காமல் போயின. மூன்றாவதில் அப்பா அவளை ஏற்றிக்கொண்டு போனார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். காத்திருந்து கேட்டுப் பார்த்தார்கள். பட்டியலை மூடிவிட்டதாகச் சொன்னார்களாம்.

நானும் மாமாவும் மதியம் வரை ரோட்டோரத்தில் இருந்தோம். அவர் ஒரு கடையில் பணிஸ் வாங்கி வந்து எனக்குத் தின்னக் கொடுத்தார். அவர் கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று கூட ஒத்திகை பார்த்துவைத்தேன். அவர் குதிரை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். மாமாவுக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது என்று நான் நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதி எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

காரை இழுத்துப்போன கராஜில், அடித்தட்டு ஆணிகள் எல்லாம் இறுக்கமாகவே இருக்கின்றன, பின்பக்க ரப்பர் சீல்தான் காய்ந்து வெடித்திருக்கிறது என்றார்கள். அது வண்டியின் வயதால் வந்தது; யார் கையாலும் வந்ததல்ல. அப்பா அதை ஏற்கவில்லை. மெக்கானிக் மெக்கானிக்கை விட்டுக்கொடுக்க மாட்டான் என்றார். “ஆணியை இறுக்காத மாப்ள” என்பது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. முதலில் கோபத்தில் சொன்னது, பிறகு விசேஷ வீடுகளில் கேலியாக. மாமாவும் சேர்ந்து சிரிப்பார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் கத்தாருக்கு டிரைவர் வேலைக்குப் போனார். அக்காவுக்கு அடுத்த ஆட்சேர்ப்பு வந்தபோது வயது கடந்திருந்தது. இப்போது ஹட்டனில் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கிறாள், நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறாள்.

மாமா கத்தாரிலிருந்து ஏழுமுறை லீவில் வந்தார். கடவுச்சீட்டுப் பதிவுகளைப் பார்த்து அந்தத் தேதிகளை எழுதிவைத்திருக்கிறேன். ஏழுமுறையும் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை தொடங்கினேன். ஒருமுறை அத்தை தேநீர் கொண்டுவந்தார், மற்ற முறை யாரும் குறுக்கிடவில்லை, நானே பேச்சை மாற்றினேன்.

கடைசி லீவில் அவரைக் கந்தப்பளையில் ஓர் உறவினர் வீட்டுக்கு என் காரில் கூட்டிப்போனேன். என்னுடையதும் தானியங்கிக் கியர்தான். வாசலில் அவர் ஏறவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, காரின் அடியில் தரையைத் தடவிப் பார்த்தார்.

“ஒழுக்கு ஒன்னும் இல்ல மாமா. நேத்துதான் பாத்தேன்” என்றேன்.

“சரி பாப்பா” என்று சொல்லிவிட்டு, விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பிறகு ஏறினார்.

எந்த வண்டியில் ஏறும்போதும் அவர் அப்படிக் குனிந்து பார்ப்பாரா என்று அத்தையிடம் கேட்டேன். தான் கவனித்ததில்லை என்றார். கத்தாரில் அவரோடு வேலை செய்த ஒருவருக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. அது ஓட்டுநரின் பழக்கமா, அல்லது என் வாய்ச்சொல்லை அவர் நம்புவதை அந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டாரா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதியாகவில்லை.